கண்ணாடி ஜன்னலுக்கு முன் பத்து நிமிடம்: நிரந்தரக் குடியிருப்பு நேர்காணல் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன. நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன கேட்பார்கள், எதில் மாட்டிக்கொள்வோம்? அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கா தரும் கிரீன் கார்டு என்பது குடியுரிமை அல்ல, அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை மட்டுமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பல கடிதங்களில் இரண்டும் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன.

திருவந்திபுரம் கோயிலில் திருமணம் நடந்து 21 மாதங்கள் ஆகின்றன. கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மும்பைத் தூதரகத்திலிருந்து நேர்காணல் கடிதம் வந்துவிட்டது. பார்த்துப் பேசிய பத்தாம் நாளே கல்யாணம் என்பதால் சந்தேகப்படுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பயிற்சி வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள், போகலாமா? – வாசகி, மஞ்சக்குப்பம்

பயிற்சி வகுப்பு வேண்டாம். மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

நடப்பது இதுதான். முதலில் ஒரு கவுன்டரில் ஊழியர் உங்கள் அசல் ஆவணங்களை வாங்கிச் சரிபார்ப்பார். விரல்ரேகை எடுப்பார்கள். பிறகு கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் நீங்கள் நின்றபடி. வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்லச் சொல்வார். பெரும்பாலும் ஐந்து நிமிடத்திலிருந்து கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்களை அழைத்துக்கொள்ள உங்கள் கணவர் கொடுத்த ஐ-130 மனு, நீங்கள் நிரப்பிய டி.எஸ்.-260 விசா விண்ணப்பப் படிவம், சான்றிதழ்கள் எல்லாம் அவர் முன் இருக்கும். எழுதியதும் வாய் சொல்வதும் ஒன்றா என்று பார்ப்பதுதான் நேர்காணல். ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய ஒரே பயிற்சி, டி.எஸ்.-260-ஐ அச்செடுத்து வரிக்கு வரி படிப்பது. அதை ஏஜென்ட் நிரப்பியிருந்தால் இரண்டு முறை படியுங்கள். தவறு இருந்தால் ஜன்னலுக்கு வந்ததும் அவர் கேட்குமுன் நீங்களே சொல்லித் திருத்திக்கொள்ளலாம். அதிகாரி கண்டுபிடித்த பிறகு சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

அதிகம் தவறாகும் இடம் திருமண நாள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று சிலர் முன்கூட்டியே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டு, சில மாதம் கழித்துக் கோயிலில் தாலி கட்டுவார்கள். சிலர் கோயிலில் முடித்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பதிவார்கள். சான்றிதழில் திருமண நாள் ஒன்று, பதிவு நாள் ஒன்று என இரண்டு தேதிகள் இருக்கும். படிவம் கேட்பது திருமண நாளை. பலர் பதிவு நாளை எழுதிவிடுகிறார்கள். அழைப்பிதழிலோ மூன்றாவது ஒரு தேதி, அதாவது வரவேற்பு நாள் இருக்கும். மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எது எது என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். தேவஸ்தானம் கொடுத்த ரசீது திருமணச் சான்றிதழ் ஆகாது. (இன்னும் பதியாதவர்களுக்கு: தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள்.)

பத்து நாளில் கல்யாணம் முடிந்ததைப் பற்றி அஞ்ச வேண்டாம். பெரியவர்கள் பார்த்து முடிக்கும் திருமணம் மும்பை அதிகாரிகளுக்குப் புதிதல்ல. ஜாதகம் யார் கொடுத்தார்கள், பொருத்தம் எங்கே பார்த்தார்கள், பெண் பார்க்க யார் யார் வந்தார்கள், முடிவை யார் சொன்னார்கள் என்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். நாகரிகமாகத் தெரியட்டும் என்று "இரண்டு வருடம் பழகினோம்" என்று மாற்றிச் சொல்பவர்கள்தான் சிக்குகிறார்கள். ஏனென்றால் கணவரின் மனுவில் வேறு தேதி எழுதியிருக்கும்.

கேள்விகள் இந்த வட்டத்துக்குள் வரும்: கணவர் என்ன வேலை, எந்த ஊர், யாருடன் இருக்கிறார், எப்போது கடைசியாக வந்தார், எத்தனை நாள் தங்கினார், இருவரில் யாருக்காவது முன்பு திருமணம் ஆகியிருந்ததா, கல்யாணத்துக்கு அவர் பக்கத்திலிருந்து யார் வந்தார்கள். கடைசிக் கேள்விக்கு நல்ல சாட்சி புகைப்படம். ஆனால் முந்நூறு பக்க ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பதினைந்து, இருபது படம் போதும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஸ்டுடியோக்காரர் நிற்கவைத்து எடுத்த ஜோடிப் படங்களைவிட, மாலை நழுவியிருந்தாலும் பரவாயில்லை, மணமேடைப் படம் ஒன்று பத்துக்குச் சமம். குறிப்பாக நாத்தனார் பின்னால் நின்று முடிச்சுப் போடும் படம். மாப்பிள்ளை வீட்டார் சடங்கில் பங்கெடுத்ததை அந்த ஒரே படம் காட்டிவிடும். அவர் தங்கை வர முடியாமல் சித்தப்பா மகள் முடிச்சுப் போட்டிருந்தால் அப்படியே சொல்லுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, இடம், இருப்பவர் யார் என்று பென்சிலில் எழுதுங்கள். இவற்றோடு அவர் வந்துபோன பயணச் சீட்டுகள், பணம் அனுப்பிய ரசீதுகள், மாதத்துக்கு இரண்டு பக்கம் வீதம் வாட்ஸ்அப் உரையாடல். அந்தரங்கமான பக்கங்கள் தேவையில்லை, தொடர்ச்சிதான் தேவை.

பணப் பொறுப்பு ஆவணமான ஐ-864 பற்றி ஒரு வார்த்தை. கணவரின் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 அளவுப்படி இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312 டாலர். அலாஸ்கா, ஹவாய்க்கு அளவு வேறு. ஆண்டுதோறும் மாறும். குறைந்தால் அங்கேயே வசிக்கும் இன்னொரு குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ கூட்டுப் பொறுப்பு ஏற்கலாம். அப்படி ஒருவர் வந்தாலும் கணவரும் தன் ஐ-864-ஐக் கொடுத்தே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டு மும்பையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு.

உங்களுக்கு மட்டும் பொருந்தும் ஒரு நுணுக்கம்: அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகாவிட்டால் இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை அட்டைதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 மனு போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். உங்களுக்கு 21 மாதம் ஆகிவிட்டது. விசா கைக்கு வந்த பிறகு அதன் காலக்கெடு இடம்கொடுத்தால், இரண்டாவது திருமண நாள் கழிந்த பின் விமானம் ஏறுங்கள். விசாவில் நிபந்தனை வகையான சி.ஆர்.1 என்று அச்சாகியிருந்தாலும், விமான நிலைய அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி, நிபந்தனையில்லாத ஐ.ஆர்.1 ஆகப் பதியச் சொல்லிக் கேளுங்கள். பத்து ஆண்டு அட்டை வரும். இன்னொரு மனுவும் கட்டணமும் மிச்சம்.

என் அம்மாவுக்கு வயது 68. கடலூர் முதுநகரில் வீட்டிலேயே பிறந்தவர், பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அமெரிக்கக் குடிமகனான தம்பி அம்மாவுக்கு மனு போட்டிருக்கிறான். அப்பாவும் கூடப் போகிறார். இப்போது புதிதாகப் பிறப்பைப் பதிந்து சான்றிதழ் வாங்கிவிடலாமா? – வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

முதலில் கடைசி வரிக்கு முந்தியதைப் பார்க்க வேண்டும். அப்பாவும் கூடப் போகிறார் என்றால், அவருக்குத் தனி ஐ-130 மனு போட்டாயிற்றா? பெற்றோர் வகையில் ஒரு மனு ஒருவருக்குத்தான். அம்மாவின் மனுவில் அப்பா தானாக ஏறமாட்டார். கல்யாணமாகாத தங்கையும் ஏறமாட்டார். போடவில்லை என்றால் இன்றே தம்பியிடம் சொல்லுங்கள். மனு போடும் பிள்ளைக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடியுரிமை இருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் பெற்றோருக்கு மனு போட முடியாது.

இனி பிறப்புச் சான்றிதழ். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்து 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வீட்டில் பிறந்தவர்களுக்குப் பதிவு இல்லாதது சகஜம் என்று தூதரகத்துக்கே தெரியும். 68 வயதில் புதிதாகப் பதிந்த சான்றிதழுக்கு அவர்கள் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. பிறந்த காலத்துக்கு எவ்வளவு அருகில் உண்டான தாளோ அவ்வளவு மதிப்பு. எனவே மூன்று வேலைகள். கடலூர் மாநகராட்சியில் பிறப்புப் பதிவாளரிடம் மனு கொடுத்து, இந்தப் பெயரில், இந்த ஆண்டில் பதிவு இல்லை என்று சான்று வாங்குங்கள். அம்மா படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழோ எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமோ தேடுங்கள். பிறகு இரண்டு உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி முன்.

இந்தப் பத்திரத்தில்தான் விளையாட்டாகத் தவறு நடக்கிறது. கையெழுத்துப் போடுபவர் அம்மாவைவிட வயதில் மூத்தவராக இருக்க வேண்டும். அறுபது வயதுச் சித்தப்பா, 68 வயது அண்ணியின் பிறப்பை நேரில் அறிந்ததாகச் சத்தியம் செய்த தாள்கள் எத்தனையோ போகின்றன, எல்லாம் வீண். பெரியம்மாவோ மூத்த தாய்மாமாவோ இருந்தால் அவரைப் பிடியுங்கள். பிறந்த நாள், பிறந்த ஊர், தாய் தந்தை பெயர், தனக்கு என்ன உறவு, தனக்கு அது எப்படித் தெரியும் என்ற ஐந்தும் பத்திரத்தில் இருக்க வேண்டும். ஆதார் அட்டை, ரேஷன் அட்டை பிறப்புக்கு ஆதாரம் ஆகாது.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் வழக்கில் அம்மாவின் பிறப்புச் சான்றைவிட முக்கியமானது தம்பியின் பிறப்புச் சான்று. இவர் பெற்ற பிள்ளைதான் அவர் என்று நிறுவுவது அதுதான். அதை எடுத்து இப்போதே பாருங்கள். பெயர் இருக்கும் இடத்தில் வெறுமனே "ஆண் குழந்தை" என்று இருக்கிறதா? அம்மாவின் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கிறதா? அப்படியிருந்தால் பதிவாளரிடம் பெயர் சேர்க்கவும் திருத்தவும் கேளுங்கள். அதோடு பெற்றோர் பெயருள்ள பள்ளிச் சான்றுகள், பழைய குடும்பப் புகைப்படங்கள் சேருங்கள். சந்தேகம் தீராவிட்டால் தூதரகமே டி.என்.ஏ. பரிசோதனையைப் பரிந்துரைக்கும். அவர்கள் சொல்லும் முன் நீங்களாக ஒரு ஆய்வகத்தில் எடுத்துப் பணத்தைத் தொலைக்காதீர்கள், அது செல்லாது.

தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரி என்று எழுதிக் கையெழுத்திட்ட குறிப்பும் வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி அதிகாரம் கைமாறுவதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பிரெஞ்சு நிர்வாகத்தின் பிறப்புப் பதிவேட்டில் பதிவு இருக்க வாய்ப்பு அதிகம். நகராட்சியில் தேடி நகல் எடுங்கள். பிரெஞ்சில் இருக்கும், அதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. பள்ளிச் சான்றில் இனிஷியல். திருமணச் சான்றில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒரே ஆள் என்று நம்புவார்களா? – வாசகர், பண்ருட்டி

நம்புவார்கள், நீங்கள் முன்கூட்டியே விளக்கினால். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்ததே. விசாவும் கிரீன் கார்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அச்சாகும். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்து பின்தொடரும். கால அவகாசம் இருந்தால் பாஸ்போர்ட்டைத் திருத்தி, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுக்கொள்வது நல்லது. நேர்காணல் தேதி வந்த பிறகு இதில் கை வைக்காதீர்கள். எண் மாறும், வழக்குக் கோப்போடு பொருந்தாமல் போகும்.

எழுத்துக் கோர்வை வேறுபாடு இன்னொரு தொல்லை. கலியபெருமாள் என்ற பெயரை ஒரு தாளில் ஒய் எழுத்தோடும் இன்னொன்றில் அது இல்லாமலும் எழுதியிருப்பார்கள். புதுச்சேரித் தாள்களில் இது இன்னும் விசித்திரம்: சுப்பிரமணியனில் உள்ள "சு"வுக்கு ஆங்கிலத்தில் எஸ், யு என்று இரண்டு எழுத்து; பிரெஞ்சு முறையில் எஸ், ஓ, யு என்று மூன்று. அப்பாவும் மகனும் வேறு வேறு குடும்பம் போலத் தோன்றும். இந்த வகை எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டரி உறுதிமொழி போதும்: எந்தெந்த ஆவணத்தில் எந்தெந்த வடிவம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து, எல்லாம் நானே என்று எழுத வேண்டும். டி.எஸ்.-260-இல் வேறு பெயர்கள் பயன்படுத்தியதுண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று போடாமல், அத்தனை வடிவங்களையும் எழுதுங்கள்.

சிங்கப்பூரில் மூன்று வருடம், குவைத்தில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். எங்கெல்லாம் போலீஸ் சான்று வாங்க வேண்டும்? – வாசகர், பரங்கிப்பேட்டை

இந்தியச் சான்று பாஸ்போர்ட் சேவா இணையதளம் வழியாக. சிங்கப்பூருக்கு வேண்டும், விரல்ரேகை கேட்பார்கள் என்பதால் முதலில் அந்த வேலையைத் தொடங்குங்கள். குவைத்துக்குத் தேவையில்லை. பிற நாடுகளில் 12 மாதத்துக்கு மேல், 16 வயதுக்குப் பின் வசித்திருந்தால்தான் இந்த விதி. ஆனால் எங்காவது கைதாகியிருந்தால், ஒரே நாள் தங்கிய நாடாக இருந்தாலும், அங்கிருந்தும் சான்று வேண்டும்.

மனைவிக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் காசநோய் வந்து, மருந்து முடித்துக் குணமாகிவிட்டது. மருத்துவப் பரிசோதனையில் சொல்லலாமா, மறைக்கலாமா? – வாசகர், நெல்லிக்குப்பம்

சொல்லியே ஆக வேண்டும். மறைக்கவும் முடியாது, நுரையீரலில் ஆறிய தழும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும்.

பரிசோதனை தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டும். சென்னையிலும் இருக்கிறார்கள், மும்பை வரை போக வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் எதுவும் தென்பட்டால் மூன்று நாள் தொடர்ந்து காலையில் சளி மாதிரி எடுப்பார்கள். நுண்ணோக்கிச் சோதனை சீக்கிரம் முடியும். ஆனால் அதே சளியைக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் வைப்பார்கள், அதன் முடிவுக்கு எட்டு வாரம் வரை ஆகும். இந்தியாவிலிருந்து போகும் பல குடும்பங்களின் பயணம் தள்ளிப்போவது இந்த எட்டு வாரத்தால்தான். இதற்காக நேர்காணல் தவறிவிட்டதே என்று கலங்க வேண்டாம். வளர்ப்பில் கிருமி இல்லை என்று வந்தால் பழைய தழும்பு என்று குறித்து அனுப்பிவிடுவார்கள். கிருமி இருந்தால் சிகிச்சை முடியும் வரை விசா நிற்கும், நிராகரிப்பு அல்ல.

பழைய எக்ஸ்ரே படம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்ன மருந்து என்று காட்டும் அட்டை, சிகிச்சை முடிந்த சான்று ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அட்டை தொலைந்திருந்தால் சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனைக் காசநோய்ப் பிரிவில் பதிவேட்டு நகல் கேளுங்கள். மிக முக்கியம்: பயத்தில் பரிசோதனைக்கு முன் நீங்களாகக் காசநோய் மாத்திரை எதையும் தொடங்கிவிடாதீர்கள். வளர்ப்புச் சோதனையைக் குழப்பிவிடும். அவர்கள் கண்காணிப்பில் அல்லாத சிகிச்சை கணக்கிலும் வராது.

தடுப்பூசி அட்டை இல்லாதது பெரிய குறையில்லை. வயதுக்கு ஏற்றவற்றை அங்கேயே போடுவார்கள். பல தவணை ஊசியாக இருந்தால் முதல் தவணை போதும். சின்னம்மை வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், ஓர் ஊசி குறையும். பரிசோதனையை ரொம்ப முன்னதாகச் செய்துவிடுவதும் நஷ்டம். அதன் ஆயுள் வழக்கமாக ஆறு மாதம், விசாவின் காலக்கெடுவும் அதையொட்டியே முடியும்.

மகளை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பையனுக்குப் பேசியிருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே தூதரகத்தில் இருவரையும் தனித்தனியாக விசாரிப்பார்கள் என்கிறார்களே? – வாசகி, முத்தியால்பேட்டை

விசாரிக்கலாம். பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் திருமணம் செய்வதற்கு முன் பிரெஞ்சுத் தூதரகத்திடம் திருமணத் தகுதிச் சான்று பெற வேண்டும். அதற்கு மனு கொடுத்ததும் திருமண அறிவிப்பைப் பத்து நாள் ஒட்டி வைப்பார்கள். தேவைப்பட்டால் இருவரையும் அழைத்துப் பேசுவார்கள்; பையன் பிரான்சில் இருந்தால் அவர் வசிக்கும் ஊர் நகராட்சியே அவரைக் கேட்டு எழுதி அனுப்பும். இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் படிப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்விகளில் தப்பாமல் வருவது: நீங்கள் இருவரும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள்? தமிழ் தெரிந்த பையன் என்றால் "தமிழில்" என்று சொல்வதே பலமான பதில். கொஞ்சம் பிரெஞ்சு கற்றதைப் பெரிதுபடுத்திச் சொல்லிவிட்டு, அதிகாரி பிரெஞ்சில் கேட்டதும் திகைப்பது வேண்டாத வம்பு. கல்யாணத்துக்குப் பின் எங்கே வசிப்பது, யாருடன், மகள் அங்கே என்ன செய்வார் என்பதையும் கேட்பார்கள். இதை இருவரும் உண்மையாகவே பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்கள் பேசி முடித்து, பெண்ணுக்கே ஊர் பெயர் தெரியாமல் இருப்பதுண்டு. அதை இப்போதே சரிசெய்யுங்கள். விசாரணைக்காக மட்டுமல்ல, அந்தப் பெண்ணுக்காகவும்.

தகுதிச் சான்று இல்லாமலே மண்டபத்தில் தாலி கட்டி முடித்துவிட்டால் திருமணம் செல்லாமல் போய்விடாது. ஆனால் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றும்போது அறிவிப்பு ஒட்டுவது, விசாரிப்பது எல்லாம் அப்போது தொடங்கும். சந்தேகம் எழுந்தால் கோப்பு பிரான்சின் நாந்த் நகர அரசு வழக்கறிஞருக்குப் போய் மாதக்கணக்கில் நிற்கும். முகூர்த்தத் தேதியைக் குறிப்பதற்கு முன் சான்றுக்கு மனு கொடுங்கள். பதிவேட்டில் ஏறியதும் குடும்பப் பதிவுப் புத்தகம் கிடைக்கும். அதன் பிறகுதான் வாழ்க்கைத்துணைக்கான நீண்டகால விசா. பிரான்சில் இறங்கிய மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். மறந்துவிட்டால் அங்கே தங்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும்.

பத்து ஆண்டு குடியிருப்பு அட்டைக்கு மூன்று ஆண்டு கழித்து விண்ணப்பிக்கலாம். 2026 ஜனவரி 1 முதல் அதற்குப் பிரெஞ்சு மொழியில் பி1 எனும் நடுத்தர நிலை வேண்டும். முன்பு அதற்குக் கீழான ஏ2 நிலை போதும் என்றிருந்தது. மகள் புதுச்சேரியில் இருக்கும்போதே அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்து டெல்ஃப் எனும் பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் படிப்பதுதான் எங்கள் அழுத்தமான யோசனை. குளிர் ஊரில், கைக்குழந்தையோடு, முதல்முறையாக இலக்கணம் படிப்பது எளிதல்ல.

ஆறு வருடத்துக்கு முன் ஏஜென்ட் சொன்னபடி சுற்றுலா விசா படிவத்தில் "திருமணமானவர், இரண்டு பிள்ளைகள்" என்று பொய் எழுதிப் போய் நிராகரிக்கப்பட்டேன். இப்போது உண்மையாகவே திருமணமாகி மனைவி வழியில் மனு. பழையதை அவர்கள் பார்ப்பார்களா? – பெயர் வேண்டாம், குறிஞ்சிப்பாடி

பார்ப்பார்கள். பழைய படிவம் அழிவதில்லை; விரல்ரேகை வைத்ததும் உங்கள் பழைய பதிவோடு சேர்ந்துவிடும். டி.எஸ்.-260-இல் முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு "ஆம்" என்றே எழுதுங்கள். விசா பெற முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாக முடிவானால் வாழ்நாள் தடை வரலாம்; மனைவியோ பெற்றோரோ அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவராக இருந்தால், தடையிலிருந்து விலக்குக் கேட்கும் ஐ-601 மனு என்ற வழி உண்டு. உங்கள் நிலையில் இது கடிதத்தில் தீர்க்கும் விஷயம் அல்ல. நேர்காணலுக்கு முன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் படித்த வழக்கறிஞர் ஒருவரிடம் பழைய படிவத்தின் நகலோடு போங்கள். அந்த ஏஜென்டிடம் திரும்பப் போகாதீர்கள். கேட்டால் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள். "ஏஜென்ட் எழுதினார், எனக்குத் தெரியாது" என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது, கையெழுத்து உங்களுடையது.

இதோடு சேர்த்துக் கேட்டிருக்கும், நேர்காணல் முடிவில் சிலரிடம் கொடுக்கும் 221(ஜி) தாள் பற்றி: அது பெரும்பாலும் கதவை மூடும் தாள் அல்ல. ஆவணம் குறைகிறது அல்லது மேற்கொண்டு சரிபார்க்கிறோம் என்பது பொருள். கேட்டதை மட்டும், கேட்ட முறையில், ஒரே தவணையில் கொடுங்கள். ஓராண்டுக்குள் கொடுத்தாக வேண்டும்.

கிரீன் கார்டு வாங்கிக்கொண்டு, வருடத்தில் மூன்று மாதம் மட்டும் மகளிடம் இருந்துவிட்டு மீதி நாள் இங்கே நிலத்தைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே? – வாசகர், வில்லியனூர்

சரியில்லை. நிரந்தரக் குடியிருப்பு என்பது அங்கே வாழ்வதற்கு. ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்து திரும்பினால் கேள்வி வரும். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் அட்டை திரும்பி நுழையவே செல்லாது. ஆறு மாதத்துக்குள் திரும்பினாலும், வாழ்வது இங்கே, போவது விருந்துக்கு என்று தெரிந்தால் அட்டையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்பார்கள். இரண்டு ஆண்டுக்கான மறுநுழைவு அனுமதி ஐ-131 படிவத்தில் உண்டு, ஆனால் அதற்கு அமெரிக்காவில் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். நேர்காணலிலேயே "அங்கே நிரந்தரமாக இருக்கப் போகிறீர்களா" என்று கேட்பார்கள். நீங்கள் எங்களுக்கு எழுதிய பதிலை அங்கே சொன்னால் அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம், மாற்றிச் சொன்னால் பொய். உங்களுக்கு ஏற்றது சுற்றுலா விசா. அதில் மூன்று மாதம் நிம்மதியாக இருந்துவிட்டு நடவுக்குத் திரும்பிவிடலாம்.

மும்பைக்குப் போக, தங்க, கொண்டுபோக வேண்டியவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள். – வாசகிகள் பலர்

அமெரிக்கத் தூதரகம் பாந்த்ரா குர்லா வளாகத்தில். புதுச்சேரியிலிருந்து தாதருக்கு நேராகச் சாளுக்கியா விரைவு வண்டி உண்டு, ஆனால் தினசரி அல்ல. ஒன்றரை நாள் பயணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் வண்டியும் சாலையும் எப்போது வேண்டுமானாலும் நிற்கும், இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். மாதுங்காவில் தங்கினால் இட்லிக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் குறையில்லை, தூதரகமும் பக்கம். கைபேசி, மின்னணுப் பொருள், பெரிய பை எதுவும் உள்ளே விடமாட்டார்கள். அறையிலேயே வைத்துவிட்டுத் தாள் கோப்போடு மட்டும் போங்கள்.

கோப்பில் மேலிருந்து கீழாக: நேர்காணல் கடிதம், பாஸ்போர்ட், டி.எஸ்.-260 உறுதிப் பக்கம், புகைப்படங்கள், பிறப்பு, திருமண, போலீஸ் சான்றுகளின் அசலும் நகலும், ஐ-864 வருமான ஆவணங்களோடு. முன் திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு. பிளாஸ்டிக் உறைக்குள் ஒவ்வொன்றையும் ஒட்டிவைக்காதீர்கள். ஜன்னலில் உருவி எடுக்க முடியாமல் கை நடுங்கும். தமிழில்தான் பேச வருமென்றால் முதல் கவுன்டரிலேயே சொல்லிவிடுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் கேள்வி புரியாமல் தலையாட்டுவது ஆபத்து.

கட்டணக் கணக்கு கேட்டவர்களுக்கு: விசா விண்ணப்பம் 325 டாலர், ஐ-864 பரிசீலனை 120 டாலர், இரண்டும் நேர்காணலுக்கு முன்பே கட்டியாயிற்று. விசா கிடைத்தபின் பயணத்துக்கு முன் இணையத்தில் கட்டும் குடியேற்றக் கட்டணம் 235 டாலர். இதைக் கட்டாதவர்களுக்குத்தான் அட்டை வராமல் நிற்கிறது. அட்டை வரும் வரை, நுழைவு முத்திரை விழுந்த அந்த விசாவே ஓராண்டுக்குக் கிரீன் கார்டுக்குச் சமம். வேலைக்கும் பயணத்துக்கும் அதைக் காட்டலாம்.